வகுப்புத் தலைவருக்கு ஒரு பொத்தான்

அந்தப் பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாக இருந்த ஒரே ஆள் தற்காலிக மனையியல் டீச்சர்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு தலைமையாசிரியைகள் மாறிவிட்டார்கள். சுவர்கள் நிறம் மாறிவிட்டன. ஆசிரியர் அறைக் கடிகாரம் நின்றுபோய், அதற்குப் பதில் புதிது வந்து, அதுவும் நின்றுபோயிற்று. அவள் மட்டும் "இந்த ஒரு வருஷம் பாத்துக்கம்மா" என்ற ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் அசையாமல் நின்றாள். வருகைப் பதிவேட்டில் மற்றவர்களுக்கெல்லாம் பெயருக்கு எதிரே பதவி இருக்கும். அவள் பெயருக்கு எதிரே 'தற்காலிகம்' என்றிருக்கும். பெயரைவிட அது வாயில் சுலபமாக நுழைந்ததோ என்னவோ, அலுவலக எழுத்தர் தொடங்கி வாட்ச்மேன் வரைக்கும் "தற்காலிகம் வந்தாச்சா?", "இந்தச் சாவியத் தற்காலிகத்துக்கிட்ட குடுத்துடு" என்றே பேசினார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அப்படியிருக்க, நிர்வாகக் குழுத் தலைவருக்கு ஒரு நாள் திடீரென்று ஞானோதயம் பிறந்தது. மனையியலுக்கு நிரந்தர ஆசிரியரைப் போட வேண்டும். அதற்கு வெளிப்படையான நேர்முகத் தேர்வு வைக்க வேண்டும். கூடவே ஒரு மாதிரி வகுப்பும் எடுக்கச் சொல்ல வேண்டும். தகுதி உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம்.

"நீயும் வரலாம்" என்றார் தலைமையாசிரியை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "என் கையில இருந்தா இப்பவே உனக்கு ஆர்டரக் குடுத்துடுவேன். அவர் கேக்கமாட்டேங்கறாரே."

"எனக்குக் கிடைக்கலைன்னா மேடம்?"

"கிடைக்கறவங்க வந்துடுவாங்க. அப்பறம் இந்த இடம்..." என்று இழுத்தவர், மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்தி வைத்தார். மிச்சத்தைப் பேப்பர்வெயிட் சொல்லிவிட்டது.

மனையியல் அறையின் தையல் மெஷின்களுக்கு எண்ணெய் போட்டு ஓடவைத்தவள் அவள். ஒரு அடுப்பு மட்டும் பற்ற மறுக்கும். அதன் குமிழை எந்தப் பக்கம் திருகி, எங்கே ஒரு தட்டுத் தட்டினால் பற்றும் என்பது அவளுக்கும் அடுப்புக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அந்த அறையை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தட்ட வேண்டிய இடத்தைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கணம் அற்பமாக முடிவுசெய்து, கொஞ்சம் ஆறுதலும் அடைந்தாள்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் வீடே வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பியது. உதவி செய்ய அல்ல, ஆலோசனை சொல்ல.

மாடியில் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். சாப்பாடு கீழே, எல்லோருக்கும் ஒன்றாக. அண்ணன் பெரிய அலுவலகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் அலுவலகத்தை விடவில்லை. காலையில் செய்தித்தாள் படிக்கும்போதும் கையில் பேனா இருக்கும். படித்து முடித்த பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

"இண்டர்வியூ விஷயத்த எங்கிட்ட விட்டுடும்மா" என்றார். "என் சர்வீஸ்ல நான் பாக்காத போர்டா? உள்ள வர்ற நடையப் பாத்தே சொல்லிடுவேன், இது தேறும், இது தேறாதுன்னு."

"சரிங்கத்தான்."

"இந்த 'சரிங்கத்தான்' இருக்கு பாரு, இதுவே தப்பு. 'மிக்க நன்றி, தங்கள் வழிகாட்டுதலின்படி'ன்னு ஆரம்பிக்கணும்."

அன்றைக்கே சாப்பாட்டு மேசை போர்டு ஆனது. அண்ணன் நடுவில். வலப்பக்கம் அவள் கணவர். அவர் அண்ணன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் உறுப்பினர். இடப்பக்கம் பத்தாவது படிக்கும் மகள், ஃபோனும் கையுமாக. பேட்டிக்கு வந்தவளோ அடுப்படியில் நின்று போர்டுக்கு ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மனையியல் என்றால் என்ன?" என்று அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"வீட்டு..."

"தப்பு! 'மனையியல் என்பது மனித வாழ்வின் மையமாகிய இல்லத்தை அறிவியல் அடிப்படையில் அணுகும் ஓர் உன்னதத் துறை.' எங்க, சொல்லு."

"மனித வாழ்வின் மையமாகிய... ஏங்க, அந்தத் தட்ட இப்படித் தள்ளுங்க... இல்லத்தை அறிவியல்..."

"நடுவுல தட்டு வரக் கூடாது" என்றார் அண்ணன். தட்டு வந்தது. போர்டு சாப்பிட்டது.

ஆம்லெட்டோடு முதல் சுற்றும் முடிய, அவள் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள். அண்ணன் பல் குத்தியபடி இரண்டாம் சுற்றை ஆரம்பித்தார்.

"அடுத்த கேள்வி. ரொம்ப முக்கியமானது. ஒரு குடும்பத்துல வேலைய எல்லாரும் பகிர்ந்துக்கணும்கறத மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பீங்க?"

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள்.

"என்னம்மா? கொஞ்சம் சத்தமா சொல்லு, தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"குழாய மூடிட்டுப் பதில் சொல்லேன்" என்று கணவர் யோசனை சொன்னார். "கவனம் சிதறுது பாரு."

மகள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி மேசையைப் பார்த்தாள், குழாயடியைப் பார்த்தாள், மறுபடி மேசையைப் பார்த்தாள். "பெரியப்பா, இந்தக் கேள்விய நீங்க சீரியஸாத்தான் கேக்கறீங்களா?"

"இதுல என்ன சிரிப்பு? வர வாய்ப்புள்ள கேள்வி" என்றார் பெரியப்பா, டம்ளரைக் குழாயடிப் பக்கமாக நீட்டியபடி.

இப்படியே நாட்கள் போயின. பேட்டிக்குத் தயாராவதற்கு நேரம் கிடைக்காததற்குக் காரணம், வீட்டில் எல்லோரும் அவளைப் பேட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்ததுதான். மாதிரி வகுப்பைப் பற்றி அவள் இன்னும் ஒரு வரிகூட யோசிக்கவில்லை. உன்னதத் துறை மட்டும் தொண்டைக்குள் சிக்கிக்கொண்டு நின்றது.

ஒரு மாலை, அண்ணனின் மனைவி அடுப்படிக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அவளுக்கு முழங்கால் வலி. அதிகம் நிற்க மாட்டாள், அதிகம் பேசவும் மாட்டாள். பேசினால் வீண்போகாது.

"ஏம்மா, அவரு போர்டு போர்டுன்னு குதிக்கறாரே, நீ அத நம்பிக்கிட்டா இருக்க?"

"ஏன்க்கா? அத்தான் எத்தனையோ போர்டு பாத்திருக்கேன்னாரே."

"பாத்தாரு. இல்லேங்கல. வெளிய நின்னு பாத்தாரு. கதவத் தொறந்து 'அடுத்தவங்க வாங்க'ன்னு கூப்பிடறது யாரு வேலைன்னு நெனச்ச? உள்ள டீ கொண்டு போற சாக்குல ரெண்டு கேள்வி காதுல விழுந்திருக்கும்."

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை முந்தானையாலோ எதனாலோ மூட நேரமில்லாமல் கரண்டியால் மூடிக்கொண்டாள்.

"அவரு மனசு நல்ல மனசுதான்" என்றாள் அக்கா. "ஆனா அந்த வாய்க்கு ஒரு வேலை குடுக்காட்டி உன் வேலை போயிடும். பாத்துக்க."

அந்த ஒரு சொல் டீச்சருக்குள் போய் உட்கார்ந்தது. வேலை கொடுப்பது. வகுப்பறையில் அவள் தினமும் செய்வது அதுதான். கடைசி பெஞ்சில் எவள் அதிகம் பேசுகிறாளோ, அவள் கையில் முதலில் ஊசியைக் கொடுப்பாள். வீட்டில் மட்டும் இத்தனை காலம் அது ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் அவள் பாத்திரத்தை எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அத்தான், ஒரு சந்தேகம். மாதிரி வகுப்புக்கு ஒத்திகை பாக்கணுமே. எப்படிப் பாக்கறது?"

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கேள்வி! ஒத்திகைங்கறது அசல் மாதிரியே இருக்கணும். அரைகுறையா செஞ்சா புண்ணியமில்ல. எப்பவும் நான் சொல்றது அதுதான்."

"அசல் மாதிரின்னா மாணவங்க வேணுமே."

"ஏன், நாங்க இல்ல? நாங்க மாணவங்க!"

"நெஜமாவா அத்தான்? மாணவங்க மாதிரியே நான் சொல்றதச் செய்வீங்களா?"

"அசல் மாதிரியேம்மா!" என்று அவர் மேசையைத் தட்டினார். தம்பியும் தட்டினார். மேசைத் துணிகூடத் துள்ளியது. கதவோரம் நின்றிருந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொள்ள.

"அப்ப எந்திரிங்க. இன்னிக்குப் பாடம், பாத்திரம் கழுவுதல்."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசையை இவ்வளவு பலமாகத் தட்டியிருக்க வேண்டாமோ என்பது இருவர் முகத்திலும் எழுதியிருந்தது. ஆனால் தட்டியாகிவிட்டது.

"மொதல்ல எதக் கழுவணும்? யாருக்குத் தெரியும்?"

"சட்டி" என்றார் கணவர். "பெரிசு மொதல்ல முடிஞ்சுட்டா நிம்மதி."

"சட்டியில இருக்கற எண்ணெய் எல்லாம் தண்ணில கலக்கும். அதே தண்ணில டம்ளரக் கழுவினா டம்ளர்ல எண்ணெய் வாடை. டம்ளர் மொதல்ல, அப்பறம் தட்டு, சட்டி கடைசி."

"இதுக்கு அறிவியல் அடிப்படையில ஒரு முன்னுரை..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"பின் பெஞ்சுல பேச்சு சத்தம் கேக்குது" என்றாள் டீச்சர்.

மகள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வீட்டில் நீண்ட காலத்துக்குப் பிறகு ஃபோனைவிடச் சுவாரசியமான ஒன்று நடந்துகொண்டிருந்தது.

முதல் நாள் வகுப்பில் அண்ணன் ஒரு டம்ளரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கழுவுவதன் தத்துவத்தை விளக்கிக்கொண்டே நின்றார். டம்ளர் நனையவே இல்லை. அவரைத் திட்டினால் முறைக்கிறார், கெஞ்சினால் அறிவுரை சொல்கிறார். டீச்சர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பள்ளியில் இந்த ரகம் அவளுக்குப் புதிதல்ல.

"அத்தான், நீங்க இந்த வகுப்புக்குத் தலைவர்."

"தலைவரா?"

"ஆமா. வகுப்புத் தலைவர். மத்தவங்க சரியா செய்யறாங்களான்னு பாத்துத் திருத்தணும். ஆனா திருத்தறவருக்கு மொதல்ல சுத்தமா வரணும். இல்லேன்னா நாளைக்குப் பிள்ளைங்க மதிக்க மாட்டாங்க."

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்ட வேகம் இருக்கிறதே! டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கழுவினார். தம்பி கழுவிய தட்டை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பினார். "ஓரத்துல பிசுக்கு! மறுபடி கழுவு!" என்று அவர் போட்ட அதட்டலில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அடக்கி வைத்திருந்த அதிகாரம் முழுவதும் வெளியே வந்தது.

பொத்தான் தைக்கும் பாடத்தில்தான் ஒரு சின்ன விபத்து. அண்ணன் சட்டையை மேசைமேல் பரப்பிவைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அற்புதமாகத் தைத்து முடித்தார். எல்லோருக்கும் காட்டுவதற்காகச் சட்டையைத் தூக்கினார். சட்டையோடு மேசைத் துணியும் கிளம்பியது. துணியோடு உப்பு ஜாடி, தண்ணீர்ச் செம்பு, தம்பியின் கண்ணாடி எல்லாம் கிளம்பி, தலைவரின் மடியில் வந்து இறங்கின.

"பொத்தான் கெட்டியா நிக்குதுல்ல?" என்றார் அவர், நனைந்தபடி.

"மேசைத் துணியும் சேந்து நிக்குது பெரியப்பா" என்றாள் மகள்.

டீச்சர் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. முடித்ததும் ஒன்றை மனதில் குறித்துக்கொண்டாள்: துணியைக் கையில் பிடிக்கச் சொல்வதுதான் பாடத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

தேர்வு நாள் வந்தது. கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்து, "உன்னதத் துறைய மறந்துடாத" என்றார். அக்கா, "ஊசி டப்பாவ மறந்துடாத" என்றாள்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் ஒரு காக்கையைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை.

"வா தற்காலிகம். மாதிரி வகுப்பு எடுக்கப் போறியாமே. யாருக்கு எடுக்கப் போற?"

"பிள்ளைங்களுக்குத்தான்."

"இன்னிக்கு லீவுல்ல!"

விஷயம் இதுதான். தேர்வு நடக்கும் நாளில் மாணவர்களின் படிப்பு கெடக் கூடாது என்று தலைவர் பெருந்தன்மையோடு விடுமுறை நாளாகப் பார்த்துத் தேதி குறித்திருந்தார். பிள்ளைகளை எப்படியும் வரவழைத்திருப்பார்கள் என்று டீச்சர் நம்பியிருந்தாள். மாதிரி வகுப்புக்கு மாணவர்கள் வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய தலைமையாசிரியை சொல்லவில்லை. தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று தோன்றுவது அந்தப் பள்ளியில் வழக்கமில்லை.

மனையியல் அறை வாசலில், கடைசியாக மிச்சமிருந்த இன்னொரு போட்டியாளர் காத்திருந்தாள். சக்கரம் வைத்த பெட்டி, சுருட்டிய வண்ணப் படங்கள், செதுக்கி எடுத்த உச்சரிப்பு. பெயர் கூப்பிட்டதும் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. அது எப்போதும் சாத்திக்கொள்ளாது. அதற்கும் ஓரிடத்தில் ஒரு தட்டு வேண்டும்.

"கண்மணிகளே, காலை வணக்கம்!" என்றது உள்ளேயிருந்து குரல். கண்மணிகள் யாரும் பதில் சொல்லவில்லை. "மிக நன்று! சரி, சரிவிகித உணவு என்றால் என்ன? இரண்டாவது பெஞ்சு, நீ சொல்லு பார்க்கலாம்." கொஞ்ச நேரம் மௌனம். "அருமையான பதில்! எல்லோரும் அவளுக்குக் கை தட்டுங்கள்!"

தலைவர் கை தட்டும் ஓசை கேட்டது.

தன்னால் இது முடியாது என்று டீச்சருக்கு நன்றாகத் தெரிந்தது. தவறு செய்யாத பெஞ்சை என்னவென்று திருத்துவது? யார் விரலில் ஊசி குத்தும், யார் நூலைச் சிக்கலாக்குவார் என்று பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்குப் பாடமே வரும். இத்தனை வருஷம் இந்த அறையில் நின்றவள், இன்றைக்குக் காலி பெஞ்சிடம் தோற்றுவிட்டுப் போக வேண்டியதுதானா?

அவள் முறை வந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், பித்தளை நிறப் பொத்தான்கள் வைத்த கோட்டில். ஒரு பக்கம் தலைமையாசிரியை. மறுபக்கம் வெளியிலிருந்து வரவழைத்த பாட நிபுணர். அவர் முன்னால் மதிப்பெண் தாள், அதற்கு மேல் இன்னொரு தாள், கையில் இரண்டு நிறப் பேனாக்கள்.

"மனையியல் என்றால் என்ன?" என்றார் நிபுணர்.

"மனையியல் என்பது மனித வாழ்வின் மையமாகிய இல்லத்தை..." என்று தொடங்கியவள், நிபுணரின் உதடுகளைப் பார்த்து நின்றுவிட்டாள். அவை அவளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் இதையே ஒப்பித்திருக்க வேண்டும். அவர் பேனா ஏற்கெனவே கட்டத்தில் டிக் போடக் குனிந்துவிட்டது.

"என்னம்மா, மறந்துபோச்சா?"

"இல்லைங்க ஐயா. இத எல்லாரும் சொல்லியிருப்பாங்க. என் பிள்ளைங்ககிட்ட நான் சொல்றது வேற. பசிச்சா, துணி கிழிஞ்சா, வீடு குப்பையா கிடந்தா, யாராவது வந்து செய்வாங்களான்னு அடுத்தவங்க மொகத்தப் பாத்து உக்காந்திருக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பாடம்."

நிபுணர் இரண்டு பேனாக்களையும் பார்த்தார். இந்தப் பதிலுக்குத் தாளில் கட்டம் இல்லை.

"ஒழுங்கு!" என்று தலைவர் குறுக்கிட்டு மேசையைத் தட்டினார். "இந்தப் பள்ளியில் நான் எதிர்பார்ப்பது ஒழுங்கு, நேர்த்தி, கட்டுப்பாடு!" தட்டிய தட்டில் அவருடைய கோட்டின் நடுப் பொத்தான் நூலில் தொங்கி ஊஞ்சலாடியது. அது காலையிலிருந்தே தொங்குகிறது என்பது தலைமையாசிரியை வேறு பக்கம் பார்த்த விதத்தில் தெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பார்க்காதது மாதிரி இருப்பதற்குத்தான் எல்லோரும் பயிற்சி எடுத்திருந்தார்கள்.

"சரி, மாதிரி வகுப்பைத் தொடங்கலாம்" என்று தலைவர் காலி பெஞ்சுகளைக் காட்டினார். "மாணவர்கள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்."

அவள் பெஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரைப் பார்த்தாள். நடுவில் ஒருவர் மேசையைத் தட்டுகிறார், பக்கத்தில் ஒருவர் தலையாட்டுகிறார், இன்னொருவர் நடப்பதை வேடிக்கை பார்க்கிறார். இந்தக் காட்சியை எங்கேயோ தினமும் பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. தோன்றியதும் வாசலில் வந்த பயம் போன இடம் தெரியவில்லை. உப்பு ஜாடி கண்முன் வந்து போயிற்று.

"ஐயா, காலி பெஞ்சுக்குப் பாடம் எடுத்தா காலி பெஞ்சுதான் கத்துக்கும். மாணவங்க மூணு பேர் இங்கயே இருக்கீங்களே."

"யாரு?"

"நீங்கதான். இப்படி முன்னால வந்து உக்காருங்க."

தலைமையாசிரியைதான் முதலில் எழுந்தார். எழுந்த வேகத்தைப் பார்த்தால், இப்படி ஒரு அழைப்புக்காகப் பல காலம் காத்திருந்தவர் மாதிரி இருந்தது. நிபுணர் தாள்களோடு நகர்ந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தலைவர் மட்டும் அசையவில்லை.

"நான் இந்தக் குழுவின் தலைவர்" என்றார், ஒவ்வொரு சொல்லாக.

"தெரியுங்க ஐயா. அதனாலதான் வகுப்புத் தலைவர் பொறுப்பையும் உங்களுக்கே குடுக்கலாம்னு பாக்கறேன். மத்தவங்க செய்யறதப் பாத்துத் திருத்தற பொறுப்பு. வேற யாருக்காவது குடுக்கட்டுமா?" என்று நிபுணர் பக்கம் லேசாகத் திரும்பினாள்.

"அவருக்கு எதற்கு?" என்று தலைவர் எழுந்துவிட்டார். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு அவருக்குக் கொஞ்சம் குட்டை. முழங்கால்கள் மேலே எழும்பி, கோட்டுப் பொத்தானோடு சமமாக நின்றன.

"இன்னிக்குப் பாடம், பட்டன் தைக்கறது. மொதல் விஷயம், துணிய மேசை மேல வெக்காதீங்க. கையில புடிங்க." தலைமையாசிரியைக்கும் நிபுணருக்கும் ஆளுக்கொரு துண்டுத் துணியும் பொத்தானும் கொடுத்தாள். தலைவர் முன்னால் வெறும் ஊசியையும் நூலையும் வைத்தாள்.

"எனக்குத் துணி?"

"உங்ககிட்டதான் இருக்குங்களே ஐயா."

தலைவர் குனிந்து பார்த்தார். ஊஞ்சலாடும் பொத்தானை அவர் அன்றைக்கு அப்போதுதான் பார்த்தார். முகம் செங்கல் நிறமாகி, மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. "நீங்களே தைத்துக் கொடுத்துவிடுங்களேன்" என்றார், முதல் தடவையாகத் தணிந்த குரலில்.

"நான் தெச்சா இன்னிக்கு நிக்கும். நீங்க கத்துக்கிட்டா என்னிக்கும் நிக்கும். கோட்டக் கழட்டுங்க ஐயா."

தலைவர் கோட்டைக் கழற்றினார். கோட்டில்லாமல் அவர் கொஞ்சம் ஒல்லியாகவும், கொஞ்சம் நல்லவராகவும் தெரிந்தார்.

"நூல முழங்கைக்கு மேல நீளமா எடுக்காதீங்க. அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு நீளமா எடுத்தா, சிக்கு எடுக்கறதுலயே பொழுது போயிடும். பாருங்க, அங்க ஒருத்தர் எடுத்துட்டாரு."

நிபுணர் கை முழுக்க நூலோடு விழித்தார்.

"குறைத்து எடுங்கள்!" என்றார் வகுப்புத் தலைவர்.

"பட்டனுக்கு மேல ஒரு தீக்குச்சிய வெச்சு, அதுக்கு மேலயே நூல ஓட்டுங்க. நாலு தடவ ஓட்டினதும் குச்சிய உருவுங்க. நூல் தளருதா? இப்பப் பட்டனத் தூக்கிப் புடிச்சு, அடியில நூலச் சுத்தி ஒரு கழுத்து மாதிரி கட்டுங்க. துணியோட ஒட்டி இறுக்கித் தெச்சா, மாட்டும்போது இழுத்து இழுத்து அறுந்துடும். கொஞ்சம் இடம் விட்டாத்தான் எதுவும் தங்கும்."

தலைவர் ஒரு தடவை விரலில் குத்திக்கொண்டார். "ஸ்ஸ்!" என்று விரலை வாயில் வைத்தவர், யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. குச்சியை உருவினார், சுற்றினார், முடிச்சுப் போட்டார், பல்லால் கடிக்கப் போய் டீச்சரின் பார்வையைப் பார்த்துக் கத்தரிக்கோலை எடுத்தார். பொத்தானைப் பிடித்து இழுத்தார். நின்றது. இன்னும் பலமாக இழுத்தார். நின்றது.

"நிற்கிறது!" என்றார் தலைவர். ஒழுங்கு, நேர்த்தி, கட்டுப்பாடு எல்லாம் போய், நிலாவில் கால் வைத்தவர் குரல் மாதிரி இருந்தது அது. "மேடம், பாருங்கள், நிற்கிறது! நீங்கள் குச்சி வைத்தீர்களா? வைக்கவில்லையே! பிரித்துத் திரும்பத் தையுங்கள்."

"இதோ தெக்கறேன் ஐயா" என்றார் தலைமையாசிரியை, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"நீங்கள்?" என்று தலைவர் நிபுணரிடம் திரும்பினார். நிபுணர் தன் துணியைப் பெருமையோடு தூக்கினார். துணியோடு மதிப்பெண் தாளும் கிளம்பியது. பொத்தான், துணி, தாள் மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகியிருந்தன. கண்மணிகளே என்று கூப்பிட்டவளின் மதிப்பெண்ணுக்கு நேர் நடுவில் கழுத்துக் கட்டிய பொத்தான் ஒன்று பளபளத்தது.

"துணியைக் கையில் பிடிக்கச் சொன்னார்களே!" என்று அதட்டினார் வகுப்புத் தலைவர். "முதல் விஷயமே அதுதானே! கவனிக்க வேண்டாமா?"

டீச்சர் வெளியே போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கவில்லை. தாளிலிருந்து பொத்தானைப் பிரிக்கும் நேரம்தான். தலைவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார், கோட்டை மாட்டி, எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு.

"இக்குழு ஒருமனதாக..." என்று கம்பீரமாக ஆரம்பித்தவர், நடுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வேலை உங்களுக்குத்தான்மா. நிரந்தரம். திங்கக்கிழமையே வந்துடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தீக்குச்சி... கால்சட்டைக்கும் அதே மாதிரிதானா?" என்றார்.

"அதே மாதிரிதாங்க ஐயா."

அவர் போன பிறகு, தலைமையாசிரியை வந்து அவள் கையைப் பிடித்து அழுத்தினார். வாசலில் தலைவர் வாட்ச்மேனை நிறுத்தி வைத்துத் தன் பொத்தானை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் கார் போனதும் வாட்ச்மேன் எழுந்து நின்றார். "அப்ப இனிமே உன்ன எப்படிக் கூப்பிடறது தற்காலிகம்?"

"பழகின பேரு. அப்படியே இருக்கட்டும்" என்றாள் அவள். "இப்பக் கேக்க நல்லாத்தான் இருக்கு."

வீட்டுக் கதவைத் திறந்ததும் ரொட்டி கருகிய வாசனை எதிர்கொண்டு வரவேற்றது. மேசைமேல் தட்டுகள் வரிசையாக இருந்தன. அண்ணன் அடுப்படி வாசலில் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவள் கணவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஓட்டோடு பாதி முட்டையும் போய்க்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடக்க. அந்தக் கைகளை அப்படி அந்த வீடு பார்த்ததே இல்லை.

"என்னாச்சு?" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"கெடச்சிடுச்சு."

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கணவர் முட்டைக் கையோடு வந்து, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நின்று, கடைசியில் தலையால் அவள் தலையை முட்டினார். அக்கா எழுந்திருக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கண்ணாலேயே சொன்னாள்.

"உன்னதத் துறைய சொன்னியா?" என்றார் அண்ணன்.

"ஆரம்பிச்சேன் அத்தான்."

"அதான்! அந்த ஆரம்பத்துலயே போர்டு விழுந்திருக்கும். எல்லாம் பயிற்சிம்மா, பயிற்சி!" என்று அவர் மேசையைத் தட்டப் போய், கடைசி நொடியில் தட்டாமல் கையை மடக்கிக்கொண்டார். அவளும் மறுக்கவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. பயிற்சி கொடுத்தது யார், எடுத்தது யார் என்பதில்தான் சின்னக் குழப்பம்.

கருகிய ரொட்டியைச் சுரண்டிச் சுரண்டி எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் அவள் முதல் ஆளாக உட்கார்ந்து, கடைசி ஆளாக எழுந்தாள். சாப்பிட்டு முடித்து அண்ணன் பெருமூச்சு விட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அப்பாடா. இண்டர்வியூ முடிஞ்சுது. இனிமே ஒத்திகை கிடையாது இல்லையா?"

"கிடையாது அத்தான். ஒத்திகைதான் முடிஞ்சுடுச்சே." அவள் தன் டம்ளரை அவர் பக்கமாக மெதுவாக நகர்த்தினாள். "வேலை நிரந்தரமாயிடுச்சு. வகுப்பும்தான்."

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி ஏற்கெனவே எழுந்து சட்டியைக் கையில் எடுத்திருந்தார்.

"டேய்! சட்டிய வைடா கீழ! டம்ளர் மொதல்ல!" என்று அலறியபடி வகுப்புத் தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடினார்.

குழாய் திறந்தது. அக்கா நீட்டிய காலைத் தரையில் தட்டித் தாளம் போட்டாள். உள்ளேயிருந்து அண்ணன், போர்டுகளைப் பற்றியோ நியாயத்தைப் பற்றியோ ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அத்தான்" என்றாள். "தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல."